தேளுக்கு அரிவாள் ஆகாது

பொய்யா? தேளுக்கு அரிவாள் ஆகாதுன்னு நான் சொல்றது பொய்யா மாப்பிள்ளை? மொதல்ல அந்த அரிவாளைக் கீழ வைங்க. தேள் எங்கயும் ஓடிறாது, சிலிண்டருக்கு அடியில பம்மிக்கிட்டுக் கெடக்கு. பம்முறதுதான் அதுக்குக் கைவந்த கலையாச்சே. வெட்டுனா என்ன, செருப்பால அடிச்சா என்ன, சாகத்தானே போகுதுன்னு கேட்டீகல்ல? கேட்டுக்கங்க.

அந்தக் காலத்துல, மிருகமும் பூச்சியும் மனுசனும் ஒரே சபையில உக்காந்து பேசுனப்போ, தேளுக்குக் கொடுக்கு வால்ல கெடையாது. நெத்திக்கு நேரா ஈட்டி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். பெரிய வீரன். சேவலும் வீரன். ரெண்டு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட வித்தை பழகி, ஒரே எலையில சோறு தின்னவுக. வீரனா இருந்தா ஒரு சத்தியம் பண்ணணும். விழுந்தவனைத் தொடமாட்டேன், முதுகுல குத்தமாட்டேன். சத்தியம்னா சத்தியம்! எங்க கொழுந்தன் மருதப்பிள்ளை, வரப்பைத் தொடமாட்டேன்னு கோயில்ல சூடம் அணைச்சுட்டு, மறு வாரமே மம்பட்டியோட வந்து நின்னாரே, அந்தச் சத்தியம் இல்ல. அதுவும் எங்க வீட்டு மம்பட்டி! அவரு கதையை எடுத்தா எனக்கு ரத்தம் கொதிக்கும், விடுங்க.

சபைக்குத் தளபதி வேணும்னு ரெண்டு பேரையும் மோதவிட்டாக. சேவல் ஒரு எத்து விட்டுச்சு பாருங்க, தேள் மல்லாக்க விழுந்துருச்சு. கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் நெனைக்கிறாக. சேவல் என்ன சொல்லுச்சு தெரியுமா?

"மூச்சு வாங்கிக்கண்ணே. தண்ணி கொண்டாறேன். குடிச்சுட்டு எந்திரி, பெறகு பாத்துக்கலாம்."

சொல்லிட்டுத் திரும்புச்சு. தேள் மெல்லப் பெரண்டு எந்திரிச்சுச்சு. தண்ணி எடுக்கப் போனவன் முதுகுல குத்திருச்சு, பாவி! சேவல் அங்கனயே செத்துப்போச்சு.

சபையில அம்புட்டுப் பெரிய யானை காதை ஆட்டிக்கிட்டு நிக்குது. மீசை வச்ச புலி தரையைப் பாக்குது. நரிதான் பேசுச்சு: "சண்டைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நிக்கிறவன் தானே தளபதி?"

கோழி வந்தா. புருசன் ரத்தம் இன்னும் காயல.

"அப்ப இவனுக்குத்தான் பட்டமா? சொல்லுங்கய்யா!"

காளைக்கு அப்பத்தான் ரோசம் வந்துச்சு. "அழாத தங்கச்சி. என் கொம்பாலயே இவனைக் குத்திக் கொன்னுடுறேன்."

"வேணாம்ணே! உங்க கொம்பால செத்தா வீரன்னு கல்லு நட்டுக் கும்புடுவாக. என் புருசன் கல்லுக்குப் பக்கத்துல இவனுக்கும் ஒரு கல்லா? ஆயுதம்னு ஒண்ணு இவன் மேல படவே கூடாது!"

விறுவிறுன்னு வெளிய போனா. மனுசன் வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பு கெடந்துச்சு. அலகால கவ்விக்கிட்டு வந்து, அத்தனை பேரு முன்னாலயும் தேள் மூஞ்சியில வச்சா பாருங்க ஒரு போடு! நெத்தியில இருந்த ஈட்டி பின்பக்கமாப் போயி வால்ல ஒட்டிக்கிச்சு.

"பின்னால குத்துனவனுக்கு ஆயுதமும் பின்னாலயே இருக்கட்டும். போடா!"

அன்னைக்கு முதக்கொண்டுதான் தேள் மூஞ்சியைக் காட்ட முடியாம சந்துல பொந்துல ஒளிஞ்சு திரியுது. கோழி கண்ட எடத்துல கொத்துது. வீட்டுல எத்தனை அரிவாள் இருந்தாலும், தேளைக் கண்டா நம்ம கை செருப்பைத்தான் தேடுது.

இன்னும் அந்த அரிவாளைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீகளே மாப்பிள்ளை! அந்தா, வெளிய வருது பாருங்க! ஏ பவுனு! வாசல்ல உன் புருசன் செருப்பு கெடக்கு, எடுத்துக்கிட்டு உள்ள ஓடியா!