மஞ்சள் பூசிய கட்டை

தேருக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வேங்கைநல்லூர் மடத்துக்கு மாசிலாமணி தன் முட்டுக்கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மடத்துத் தலைவரான சாமிக்கு முன்னால் அதை இறக்கி வைத்தார். விழுந்து கும்பிட்டவர் எழுந்து நிற்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"இது மடத்துலயே இருக்கட்டும் சாமி. எனக்கு இனிமே வேண்டாம்."

சாமி கட்டையைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் தேர்ச்சக்கரம் ஏறி இறங்கிய புளியங்கட்டை அது. ஒரு பக்கம் சரிவு, பின்னால் வால் மாதிரி நீண்ட பிடி.

வடம் இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். தேர் கிளம்பிவிட்டால் அந்த ஆயிரம் பேரால் அதை நிறுத்த முடியாது. நிறுத்துவதும் வீதி முனையில் திருப்புவதும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டை போடுகிற எட்டுப் பேர்தான். அந்த எட்டுப் பேருக்கும் மாசிலாமணி தலைவர். அவர் "போடு" என்றால் போட வேண்டும், "எடு" என்றால் எடுக்க வேண்டும். நடுவில் இருமக்கூட நேரம் கிடையாது.

சாமிக்கு வயது முப்பத்தெட்டு, மாசிலாமணிக்கு ஐம்பத்தேழு. பெரிய சாமி மறைந்து இவர் பட்டத்துக்கு வந்தபோது, தன் மகன் வயதுக்காரர் காலில் விழ மாசிலாமணிக்கு முதுகு வளையவில்லை. ஒரு வருஷம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு தானாகவே வளைந்தது.

"ஏன் வேண்டாம்?" என்றார் சாமி.

"வடமலை விஷயம் உங்களுக்குத் தெரியுமே."

தெரியாதவர்கள் ஊரில் இல்லை. என்றாலும் சாமி, "நீங்க சொல்லுங்க" என்றார்.

மாசிலாமணி சொன்னார். சொல்லும்போது கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேருக்கு முதல் நாள் மாலை எட்டுக் கட்டைகளையும் அவர் தட்டிப் பார்ப்பார். விரல் முட்டியால் தட்டி, காதை வைத்து ஓசை கேட்பார். மறுநாள் காலையில் அவரவர் கட்டைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, இடுப்பில் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு வர வேண்டும். விரிசல் விட்ட கட்டையோடு எவனாவது தேரடிக்கு வந்தால் அவன் கதை முடிந்தது. மாசிலாமணி ஊர் பார்க்க அவன் இடுப்புத் துண்டை உருவி வாங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போ" என்பார். அப்படி இரண்டு பேர் போயிருக்கிறார்கள். இரண்டு பேரும் அதற்குப் பிறகு தேர்த்திருவிழாவுக்கு ஊரில் இருந்ததில்லை.

போன வருஷம் தேரன்று விடிகாலையில், கட்டையைக் கழுவும்போது வடமலையின் கை வழுக்கியது. கட்டை கல்படியில் விழுந்து அடியில் கோடு விட்டது. வடமலை சைக்கிள் கடைக்காரன். பன்னிரண்டு வருஷமாகக் கட்டை போடுகிறவன். அந்தக் கோடு என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவன் மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து அதன்மேல் பூசினான்.

தெற்கு வீதி முனையில் தேர் திரும்பும்போது கட்டை பிளந்தது. மற்ற ஏழு பேரும் பாய்ந்து கட்டை போட்டுத் தேரை நிறுத்தினார்கள். ஆனால் வடமலையின் வலது கையில் இரண்டு விரல் சக்கரத்தோடு போய்விட்டது.

"ரத்தத்தோட அவன் என்னைப் பாக்கறான் சாமி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'கண்ணு எங்கடா இருந்துச்சு?'ன்னேன்."

சாமி கட்டையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"ரெண்டு மாசம் கழிச்சுத்தான் மத்தவங்க சொன்னாங்க, அவன் கோட்டைப் பார்த்திருக்கான்னு. 'அண்ணன்கிட்ட சொன்னா துண்டை உருவிடுவாரு, எம் புள்ளைங்க பாக்கும்'னு சொல்லியிருக்கான். என்கிட்ட சொல்றதுக்குச் சக்கரத்துக்குள்ள கையைக் குடுக்கறதே மேல்னு நினைச்சிருக்கான்."

"அவரைப் போய்ப் பார்த்தீங்களா?"

"இல்லை." மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவன் கடை வழியாப் போறதில்லை. அடுத்த தெருவால சுத்திப் போறேன்."

அதற்குப் பிறகு மாசிலாமணி ஆளே மாறிப்போனார். பயத்தால்தானே மறைத்தான், இனி யாருக்கும் பயமே வேண்டாம் என்று முடிவு செய்தார். எல்லோரையும் தம்பி என்று கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். கட்டையைத் தட்டிப் பார்ப்பதை விட்டார். அரை மணி தாமதமாக வந்தவனிடம், "பரவாயில்லப்பா" என்றார். ஊரே ஆச்சரியப்பட்டது. அவர் மனைவி மட்டும், உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டாள்.

போன வெள்ளிக்கிழமை, அச்சு மாற்றிய தேருக்கு வெள்ளோட்டம் விட்டார்கள். ஏழு பேரில் ஒருவனான சோலைமுத்து ஒரு கையில் கட்டையும் ஒரு கையில் செல்போனுமாகச் சக்கரத்துக்கு முன்னால் குனிந்தான். "போடு" என்று இவர் கத்தியது அவன் காதில் விழவில்லை. தேர் வீதியைத் தாண்டி, ஒரு வீட்டு வாசலில் நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மற்றவர்கள் போட்ட கட்டையால் நின்றது. அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அவனை ஒரு வார்த்தை சொல்லலை சாமி. வாயே வரலை. அவன் சிரிக்கிறான். 'அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு'ங்கறான்."

மாசிலாமணி கட்டையைச் சாமி பக்கம் தள்ளினார்.

"கறாரா இருந்தேன், ரெண்டு விரல் போச்சு. தன்மையா இருந்தேன், ரெண்டு உசிரு போயிருக்கும். இதுல எது சரி? ஒண்ணைச் சொல்லுங்க. இல்லேன்னா இந்தக் கட்டையை எடுத்துக்குங்க."

சாமி கட்டையின் பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்குக் கட்டை போடக் கத்துக்குடுங்க" என்றார்.

"சாமி, நான் விளையாடலை."

"நானும் விளையாடலை. வடமலை இடம் காலியாத்தானே இருக்கு? காலையில வாங்க. உங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க."

மடத்து வெளிவாசலில் பிள்ளையார் தேர் நிற்கும். பெரிய தேருக்குப் பக்கத்தில் வைத்தால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் சக்கரத்துக்கு அடியில் விரலைக் கொடுத்துப் பார்த்தால் சின்னது பெரியது தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு மாசிலாமணி அதில்தான் பழக்குவார்.

மறுநாள் காலை ஏழு பேரும் இடுப்புத் துண்டும் கட்டையுமாக வந்தார்கள். விஷயம் கேட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். சாமி காவி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். மடத்து ஆட்களும் அந்த ஏழு பேரும் சேர்ந்து வடத்தைப் பிடித்தார்கள்.

"சாமி, வாலைத்தான் பிடிக்கணும். சக்கரம் ஏறற வயித்துப் பக்கம் கை போகக்கூடாது" என்றார் மாசிலாமணி. "பார்வை சக்கரத்துலயே இருக்கணும். கட்டைக்காரன் தேரன்னைக்கு மேல இருக்கற சாமியைப் பாக்கறதே இல்லை. அண்ணாந்து பார்த்தா கை நின்ன இடத்துலயே நின்னுடும்."

"இருபத்தாறு வருஷமா நீங்க பார்த்ததில்லையா?"

"தேர் மேல பார்த்ததில்லை சாமி."

முதல் தடவை சாமி கட்டையைச் சீக்கிரம் போட்டுவிட்டார். சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டே போனது. "பரவாயில்லைங்க சாமி, நல்லாத்தான் போட்டீங்க" என்றார் மாசிலாமணி. வடத்தில் நின்ற சோலைமுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தான்.

இரண்டாவது தடவை சாமியின் விரல் கட்டையின் வயிற்றுப் பக்கம் போனது. "சாமி, அந்தக் கையை மட்டும் கொஞ்சம்..." என்று மாசிலாமணி இழுத்தார். அதற்குள் சக்கரம் நின்றுவிட்டது. விரலுக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவில் ஒரு வெற்றிலைகூட நுழைந்திருக்காது.

மூன்றாவது தடவை வடம் இறுகியது. தேர் ஓசையோடு நகர்ந்தது. "போடு" என்றார் மாசிலாமணி. சாமி சரியான நேரத்தில் போட்டார். போட்டுவிட்டு, கையை எடுக்காமல், அண்ணாந்து பிள்ளையாரைப் பார்த்தார். வேண்டுமென்றே பார்த்தாரா, அழகில் மயங்கிப் பார்த்தாரா, நமக்குத் தெரியாது.

"மேல என்னடா பார்வை! கையை எடுடா!"

மாசிலாமணி கத்திய கத்தலில் கூரைப் புறாக்கள் கலைந்தன. கத்திக்கொண்டே சாமியின் கை மேல் ஓங்கி ஓர் அடி போட்டார். கை விலகியது. சக்கரம் கட்டை மேல் ஏறி, கிறீச்சிட்டு நின்றது.

வடம் பிடித்திருந்தவர்கள் அதை நழுவவிட்டார்கள். குருவை ஒருவர் அடிப்பதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. டா போடுவதைக் கேட்டதும் இல்லை.

மாசிலாமணிக்கு அது எதுவும் உறைக்கவில்லை. மண்ணில் மண்டியிட்டு, சாமியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலைத் தொட்டார். ஆள்காட்டி விரலைத் தொட்டார். ஒவ்வொன்றாக ஐந்தையும் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்தவர் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கண்ணீர் சாமியின் புறங்கையில் சொட்டியது.

"இன்னைக்குப் போதுமா?" என்று கேட்டார் சாமி.

"போதாது" என்றார் மாசிலாமணி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "இன்னும் வரலை. சரியா வர்ற வரைக்கும் உங்களை விடமாட்டேன். வடத்தைப் பிடிங்கப்பா!"

பதினோரு தடவை இழுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் மாசிலாமணி சாமியின் தோளோடு தோளாகக் குந்தியிருந்தார். ஒவ்வொரு தப்பையும் சொன்னார், ஒன்றைக்கூட விடவில்லை. வெயில் ஏறியதும் தன் துண்டை நனைத்துச் சாமியின் தலையில் போட்டார். பதினோராவது தடவை கட்டை சரியாக விழுந்தது, கை சரியாக விலகியது.

"இதுதான்" என்றார் மாசிலாமணி.

வடத்தைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் மோர் குடிக்கப் போனார்கள். சோலைமுத்து மட்டும் போகவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த தன் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து மாசிலாமணியின் முன்னால் நின்றான்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கண்ணே."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமையே அடியில ஒரு கோடு மாதிரி தெரிஞ்சுது. மண்ணு அப்பி வச்சிருந்தேன்."

மாசிலாமணி தட்டினார். காதை வைத்துக் கேட்டார். கட்டையைத் தூக்கி மடத்து விறகுக் குவியல் மேல் எறிந்தார்.

சோலைமுத்துவின் கை தானாக இடுப்புத் துண்டுக்குப் போனது. அவிழ்த்து நீட்டினான்.

"அதைக் கட்டு" என்றார் மாசிலாமணி. "நாளைக்குள்ள புதுசு செதுக்கணும். செதுக்கி முடிக்கிற வரைக்கும் உனக்குச் சோறு கிடையாது."

"சரிண்ணே."

"எனக்கும் கிடையாது. செதுக்கற வாய்ச்சி எடுத்து வை, சாயங்காலம் வர்றேன். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டியா?"

"இல்லண்ணே."

"சாயங்காலம் ரெண்டு பேரும் போவோம்."

சோலைமுத்து தலையை ஆட்டினான். சிரிக்கவில்லை.

அவன் போன பிறகுதான் மாசிலாமணிக்குத் தான் செய்தது நினைவுக்கு வந்தது. சாமி தேர் நிழலில் உட்கார்ந்திருந்தார். புறங்கை சிவந்து வீங்கியிருந்தது. மாசிலாமணி அவர் காலில் விழுந்தார்.

"டான்னு சொல்லிட்டேன் சாமி. கை நீட்டிட்டேன்."

"ஆமா, வலிக்குது."

"எந்தப் பிறவியில இதைக் கழுவப்போறேன்?"

"எழுந்து உட்காருங்க."

உட்கார்ந்தார். உள்ளே மோர்ப் பானையில் கரண்டி மோதும் சத்தம் கேட்டது.

"சாமி, நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லவே இல்லை. கறாரா, தன்மையா?"

சாமி வீங்கிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை அடிச்சீங்களே, அப்ப எது?"

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். அடித்ததும் விரலை எண்ணியதும் ஒரே மூச்சில் நடந்தது போலத்தான் இருந்தது.

"தெரியலை சாமி. உங்க கை போயிடக்கூடாதுன்னு மட்டும்தான் இருந்துச்சு."

சாமி எழுந்து உள்ளே போனார். மாசிலாமணி நேற்றுக் கொண்டுவந்து வைத்த கட்டையை வீங்காத கையால் இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. இப்ப உங்க பொறுப்புல எத்தனை கை இருக்கு?"

"ஏழு பேரு சாமி. பதினாலு கை."

"பதினாறு" என்றார் சாமி.

மாசிலாமணி கட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மடத்தைவிட்டு வெளியே வந்தார். வழக்கமாகத் திரும்பும் சந்தில் அன்றைக்கு அவர் திரும்பவில்லை. நேராக, சைக்கிள் கடை இருக்கும் தெருவுக்குள் நடந்தார்.