முதலில் பேர், அப்புறம் ‘ஷி’

துரைக்கண்ணு சார் வீட்டு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுத்தார். எடுத்தது கொஞ்சம், கத்தியது அதிகம். கத்தல் கீழே அடுப்படி வரைக்கும் கேட்கும்.

“முதலில் பெயர்ச்சொல். அப்புறம்தான் அதற்குப் பதிலாக ஹி, ஷி. எங்கே, உன் புருஷன் பேரை வைத்துச் சொல்லு” என்றார், தையல் வேலை பார்க்கும் செண்பகவல்லியிடம்.

புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. “ஹி இஸ் எ டிரைவர்” என்றாள்.

“எவன் டிரைவர்? பட்டிக்காடு! பேரைச் சொல்லு, இல்லாவிட்டால் நாளையிலிருந்து வராதே!”

அந்த நேரம் சாரின் மனைவி காப்பியோடு மேலே வந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க சார். அக்காவை வச்சு நீங்க ஒருதரம் சொல்லிக் காட்டுங்க. அதே மாதிரி நானும் சொல்லிடறேன்” என்றாள் செண்பகவல்லி.

சார் மீசையைத் தடவினார். “ஷி இஸ் மை வைஃப்.”

“மொதல்ல பேரு சார்.”

கல்யாணமான நாளிலிருந்து ‘ஏய்’, ‘இந்தா’ என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். திறந்தது, மூடியது. பேர் மட்டும் வரவில்லை.

அக்கா டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அவரைக் கைகாட்டினாள்.

“திஸ் இஸ் துரைக்கண்ணு. ஹி இஸ் மை ஹஸ்பெண்ட். ஐ ஆம் பவளக்கொடி.”

“அக்கா பாஸ்!” என்றாள் செண்பகவல்லி. “சார், நாளையிலிருந்து நீங்க வராதீங்க.”