குன்றடியில் ஒரு சாப்பாடு

முன்பு கருங்குன்ற நாட்டைக் கோடைமாறன் என்றொரு ராஜா ஆண்டான். எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள். மனுஷன் ஓரிடத்தில் உட்கார மாட்டான். நடந்துகொண்டே நாட்டை ஆண்டான்.

சபையில் வல்லபராயர் என்று ஒருவர். மந்திரி நாகனாரின் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகக் கண். ஒருநாள் ராஜாவின் காதில் ஓதினார்.

"மகாராஜா, கருங்குன்றுக்கு அடியில் மாணிக்கம் கிடக்கிறது. அடிவாரத்தைக் குடைந்தால் அள்ளலாம்."

ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இன்றைக்கே குடையுங்கள்!"

"வேண்டாம் பிரபு," என்றார் நாகனார். "உச்சியில் முழ அகலத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது. சரிவில் மரமெல்லாம் சாய்கிறது. அடிவாரம்தான் குன்றைத் தாங்குகிறது. அதைப் பறித்தால் ஒரு மழை போதும். கீழே குயவர் தெரு. குஞ்சு குளுவானோடு அத்தனை பேரும் மண்ணுக்குள்."

"விரிசலா?" வல்லபராயர் சிரித்தார். "மந்திரியாரின் கண்ணில் இருக்கும்."

அன்று இருட்டிவிட்டது. விடிந்ததும் ராஜா தானே ஏறிப் பார்த்தான். விரிசல் இல்லை. புல்லும் மண்ணுமாகக் கிடந்தது. குதித்துக்கொண்டு இறங்கினான்.

"என்னையே ஏய்க்கிறீரா நாகனாரே? நாளைக்குக் குடைவோம். நீர் நாட்டை விட்டு நடையைக் கட்டும்."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முந்தாநாள் கையை விட்டுப் பார்த்த விரிசல் எங்கே போகும்? நாகனார் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் அடிவாரத்தில் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டினார்கள்.

"போகிறேன் பிரபு," என்றார் நாகனார். "அதற்கு முன் வழக்கத்தை முடித்துவிடலாம். கிணறோ சுரங்கமோ, இடம் காட்டியவர் குழிக்குள் உட்கார்ந்து முதல் சோறு உண்ணவேண்டும். பிறகுதானே வேலை?"

"ஆமாம். இறங்கும் ராயரே!"

இலை போட்டார்கள். வல்லபராயர் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"நிதானமாகச் சாப்பிடும்," என்றார் நாகனார். "உச்சியில் ஒரு மணி கட்டியிருக்கிறேன். ஓசை கேட்டால் மேலே ஏதோ அசைகிறது என்று அர்த்தம்."

"அசையாத குன்றுக்கு மணி எதற்கு? குழம்பை ஊற்றச் சொல்லும்!"

இரண்டு கவளம் போயிருக்கும். மேலே கிணுகிணுவென்றது.

இலை ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம். ராயர் குழியை விட்டுத் தாவி ஓடினார். காவலர்கள் மறித்தார்கள்.

"விடுங்களடா! விரிசல் வாய் திறந்துவிட்டது! நான் அடைத்த மண் மேலாகத்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பயன்?

"யார் அடைத்த மண்?" என்றான் ராஜா.

ராயர் தலைப்பாகையைத் தேடுவதுபோலக் குனிந்தார்.

"நாகனாரே, குன்று அசைந்துவிட்டதா?"

"இன்னும் இல்லை பிரபு. மணி ஆட்டின் கழுத்தில் இருக்கிறது. ஆடு உச்சியில் மேய்கிறது."

ராஜா சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தான். "முதலில் குழியை மூடுங்கள்! குயவர் தெருவைக் காலி செய்யுங்கள்!" கத்திக்கொண்டே ஓடினான். சட்டி பானையைத் தானும் தூக்கினான். பொழுது சாய்வதற்குள் தெரு காலி. மழை பிடித்தது. விடிவதற்குள் பாதிக் குன்று இறங்கித் தெருவை மூடியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நாகனாருக்குப் போட்டான். "மாணிக்கம்?" என்று மெல்லக் கேட்டான்.

"இருந்தால் அங்கேயே இருக்கட்டும் பிரபு. அதற்கு என்ன அவசரம்?"

ராஜா வல்லபராயர் பக்கம் திரும்பினான். "மீதிக் குன்றின் உச்சியில் குடிசை போட்டுக்கொள்ளும். அது அசைந்தால் முதலில் ஓடுகிறவர் நீர். உம்மைவிட நல்ல காவல் எனக்கு எங்கே கிடைக்கும்?"

அப்புறம் மழை வந்தால் குயவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ராயர் ஓடவில்லையா, சக்கரத்தைச் சுற்றப் போய்விடுவார்கள்.