நொச்சி ரோமம் களைந்த பகல்

தூரத்தில் வருவது கரடியா மனிதனா என்று கண்டுபிடிக்க முடியாத அந்தக் காலத்தில், பருந்துக்கும் பேச்சு இருந்தது, காற்றுக்கும் பேச்சு இருந்தது. மனிதர்களுக்கு உச்சி முதல் உள்ளங்கால் ஓரம் வரை கறுகறுவென்று ரோமம் அடர்ந்திருந்தது. மழை பெய்தால் அதுதான் கூரை, பனி விழுந்தால் அதுதான் போர்வை. கரடிகள் மனிதர்களைப் பங்காளிகளாகவே நினைத்தன. தேன் கிடைத்தால் ஒரு பங்கு அனுப்பிவைத்தன.

மலையடிக் காட்டில் அப்படி வாழ்ந்தவர்களில் நொச்சி என்று ஒரு பெண் இருந்தாள். பெரிய பலசாலி இல்லை. மரம் ஏறுவதில் குரங்கு அவளைப் பார்த்துச் சிரிக்கும், ஓடுவதில் முயல்கூட நின்று பார்த்துவிட்டுப் போகும். ஆனால் எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது. ஆமையிடம் ஏன் வீட்டைச் சுமக்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். மழைக்கு முன்னால் மட்டும் தவளை ஏன் கத்துகிறது என்று தவளையிடமே கேட்டிருக்கிறாள். பதில் வராவிட்டாலும் கோபப்பட மாட்டாள். நெல்லிக்காயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு திரிபவள் மாதிரி, கேள்வியை நாள் முழுக்க வைத்துக்கொண்டு திரிவாள்.

அவளுடைய கணவன் ஆரன் சாதுவானவன். அவனுடைய அக்கா தொடரி அப்படி இல்லை. தொடரி என்றால் முட்செடி. பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். மூன்று பேரும் ஒரே குகையில்தான் இருந்தார்கள். ஆனால் நொச்சியும் தொடரியும் பேசிக்கொள்வதில்லை. ஒரு சுரைக்குடுக்கை உடைந்ததில் ஆரம்பித்த சண்டை. யார் உடைத்தது என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. பேசக்கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. காட்டுச் சுனை வற்றி, பாறையின் அடியில் ஈரக்கசிவு மட்டும் மிஞ்சியது. யானைகள் முன்பே வடக்கே போய்விட்டிருந்தன. காட்டுக்குக் கிழக்கே செம்மண் பொட்டல் ஒன்று கிடந்தது. அதைத் தாண்டினால் பெரிய ஏரி இருக்கிறது என்று பருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் தாண்டுவது எப்படி? இரவில் போனால் சிறுத்தை காத்திருக்கும். பகலில் போனால் வெயில். ரோமம் போர்த்திய உடம்போடு அந்த வெயிலில் நடந்தால் உள்ளே ரத்தம் கொதித்துவிடும். பகலில் கிளம்பிய மான்கள் பாதி வழியிலேயே விழுந்து கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஒரு நாள் விடிந்தபோது தொடரியைக் காணோம். குடுக்கை ஒன்றையும் காணோம். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இரவோடு இரவாகத் தண்ணீர் கொண்டுவரப் போயிருக்கிறாள். வெயில் ஏறும் நேரத்தில் பருந்து வந்து செய்தி சொன்னது. பொட்டலின் நடுவே ஒற்றைப் பாறை ஒன்று இருக்கிறது. தொடரி அதன் இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கிறாள். கால் பிசகியிருக்கிறது. இடுக்கு குறுகலாக இருப்பதால் சிறுத்தையால் உள்ளே நுழைய முடியவில்லை. பாறை நிழலில் படுத்துக் காத்திருக்கிறது. தாகம் தாங்காமல் அவள் தானாகவே வெளியே வரத்தான் வேண்டும்.

காட்டில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. கூட்டத்தில் ஒன்று விழுந்தால் மற்றவை நடையைக் கட்டும். அதுதான் எல்லாப் பிராணிகளுக்கும் வழக்கம், மனிதர்களுக்கும் அதுவரை அதுதான் வழக்கம். மான்கள் வருத்தப்பட்டன, பிறகு காய்ந்த புல்லைத் தேடிப் போய்விட்டன. ஆரனால் மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. பொட்டலில் இறங்கி நடந்தான். காட்டின் விளிம்பு கண்ணை விட்டு மறைவதற்குள் நாக்கு தள்ளி, கண் இருட்டி, தவழ்ந்துகொண்டே திரும்பி வந்தான். நொச்சி அவனை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் இறங்கிப் பார்த்தாள். அவளாலும் முடியவில்லை. உடம்பு முழுக்கத் தீயைப் போர்த்தியது போல இருந்தது.

திரும்பி வந்து, மூச்சு வாங்க மரத்தடியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். போன வாரம் பாறையில் சறுக்கி விழுந்ததில் முழங்காலில் உள்ளங்கையளவு ரோமம் உரிந்து போயிருந்தது. அந்த இடத்தில் மட்டும் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் அரும்பியிருந்தன. காற்று வந்து தொட்டபோது அந்த இடம் மட்டும் குளிர்ந்தது. மற்ற உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

"இங்கே மட்டும் ஏன் குளிர்கிறது?" என்று காற்றிடம் கேட்டாள்.

"இங்கே மட்டும்தான் கதவு திறந்திருக்கிறது" என்றது காற்று. "நான் தினமும் உன்னிடம் வருகிறேன். ரோமம் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. உள்ளே ஊறும் நீரும் வெளியே வர வழியில்லை. நாங்கள் இருவரும் சந்தித்தால்தான் உனக்குக் குளிரும்."

நொச்சி முழங்காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து, சிக்கிமுக்கிக் கல் ஒன்றைத் தேடி எடுத்து, இன்னொரு கல்லில் அடித்து உடைத்தாள். உடைந்த விளிம்பு பளபளத்தது. அதை முன்கையில் வைத்து வழித்தாள். ரோமம் கொத்தாகக் கீழே விழுந்தது.

குகை வாசலில் படுத்திருந்த கரடி இதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தது. நொச்சிக்கு அது அண்ணன் முறை.

"தங்கச்சி, இது இலையில்லை, அடுத்த மழைக்குத் துளிர்ப்பதற்கு. போனால் போனதுதான். பனியில் என்ன செய்வாய்? முள்ளில், கொசுவில் என்ன செய்வாய்? உனக்குப் பிறக்கும் பிள்ளைகளும் இப்படியே பிறந்தால் அவர்களுக்கு என்ன சொல்வாய்?"

நொச்சியின் கை நின்றது. கரடி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வழித்த கையைப் பார்த்தாள். அது தன் கை போலவே இல்லை. தோலுரித்த கிழங்கைப் போல இருந்தது. பயமாகத்தான் இருந்தது. அதற்கு முன் எந்த உயிரும் தன் உடம்பைத் தானே மாற்றிக்கொண்டதில்லை.

"பனிக்கு என்ன செய்வதென்று பனி வரும்போது யோசிக்கிறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடி கல்லை எடுத்தாள்.

முகம், கைகள், கால்கள், வயிறு, மார்பு எல்லாம் ஆயிற்று. முதுகு மட்டும் எட்டவில்லை. எவ்வளவு வளைந்தாலும் யாராலும் தன் முதுகைத் தானே வழித்துக்கொள்ள முடியாது. ஆரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையிலிருந்த கல்லை வாங்கிக்கொண்டான். தன் அக்காவுக்காகத் தன் மனைவி தன்னையே உரித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணீர் விழுந்து முதுகு நனைந்தது. அதனால் வழிப்பதும் கொஞ்சம் சுலபமாயிற்று. கழுத்துக்கு மேலே அவன் கல்லைக் கொண்டுபோனபோது காற்று தடுத்தது. வெயில் முதலில் விழுவது தலையில்தான், அங்கே மட்டும் கூரை இருக்கட்டும் என்றது.

பாறைக் கசிவில் அன்றைக்கு ஊறிய தண்ணீரைக் கரடி தான் குடிக்காமல் குடுக்கையில் பிடித்துக் கொடுத்தது. நொச்சி அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பொட்டலில் இறங்கினாள்.

வெயில் அவள் தோலை நேராகத் தொட்டது. அது சுட்டது, ஆனால் உள்ளே போய்க் கொதிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நெற்றியில், கழுத்தில், முதுகில் நீர் வழியத் தொடங்கியது. அழுதால் கண்ணில் நீர் வரும் என்பதை அவள் அறிவாள். இப்போது உடம்பே அழுகிறதோ என்று திகைத்தாள். உதட்டில் வழிந்ததை நக்கிப் பார்த்தாள். கண்ணீரைப் போலவே உப்புக் கரித்தது. துடைக்கப் போனபோது காற்று வேண்டாமென்றது. அது என் பங்கு, எனக்கு விடு என்றது. அவள் விட்டாள். காற்று வழித்து வழித்துக் குடித்தது. அவள் குளிர்ந்து குளிர்ந்து நடந்தாள். மான்கள் விழுந்து கிடந்த இடத்தைத் தாண்டினாள்.

வெயில் உச்சி தாண்டியபோது பாறை தெரிந்தது. சிறுத்தையும் அவளைப் பார்த்துவிட்டது. இந்த நேரத்தில் பொட்டலில் எதுவும் நடமாடி அது கண்டதில்லை. உரித்து வைத்தது போல ஏதோ ஒன்று வருகிறதே என்று எழுந்து பாய்ந்தது. நொச்சி திரும்பி ஓடினாள். சிறுத்தையின் வேகம் எங்கே, அவள் வேகம் எங்கே. ஆனால் செம்மண் சிறுத்தையின் பாதத்தைச் சுட்டது, வெயில் அதன் ரோமத்துக்குள் புகுந்து வெளியே வரவில்லை. அவளை எட்டிப் பிடிப்பதற்கு முன்பே நாக்கு தொங்கிவிட்டது. நின்றது. நிழலுக்குத் திரும்பிப் போனது.

அது திரும்பியதும் நொச்சி மறுபடி பாறையை நோக்கி நடந்தாள். அது மறுபடி பாய்ந்தது. அவள் மறுபடி ஓடினாள். ஒவ்வொரு முறையும் சிறுத்தை ஓடிய தூரம் குறைந்துகொண்டே வந்தது. அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். இருந்தாலும் அது படுக்கும்போதெல்லாம் அவள் நடந்தாள். கடைசியில் அது எழ முயன்றது, முன்னங்கால் மடங்கியது, அப்படியே நிழலில் சரிந்துவிட்டது. விலா மட்டும் ஏறி இறங்கியது.

நொச்சி அதன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உனக்குக் களைப்பே இல்லையா?" என்று கேட்டது சிறுத்தை.

"களைப்பாகத்தான் இருக்கிறது."

"பிறகு ஏன் நிற்கவில்லை?"

"நின்றால் உள்ளே இருப்பவள் செத்துப்போவாள்."

"உன் குட்டியா?"

"இல்லை."

"உன்னைப் பெற்றவளா? கூடப் பிறந்தவளா?"

"இல்லை. என் நாத்தனார். நாங்கள் பேசிக்கொள்வதுகூட இல்லை."

சிறுத்தை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அதற்கு விளங்கவில்லை. அவள் செத்தால் உனக்கு என்ன குறையும் என்று கேட்டது. நொச்சி நேர்மையாக யோசித்தாள். எத்தனையோ பேரிடம் ஏன் என்று கேட்டவள், தன்னிடம் ஒருவர் கேட்டபோது திணறினாள்.

"தெரியவில்லை" என்றாள் கடைசியில். "வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். பதில் வரவில்லை. கால்தான் வந்தது."

பாறை இடுக்கில் தொடரி கண்ணை மூடிக் கிடந்தாள். நொச்சி குடுக்கையிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தில் கொஞ்சத்தைத் தொடரியின் உதட்டில் ஊற்றினாள். கொஞ்சத்தை அவள் தலையில் ஊற்றினாள். தொடரி கண்ணைத் திறந்தாள். முதலில் பயந்தாள். நான்தான் என்று நொச்சி சொன்ன பிறகு, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள்.

"இது என்னடி கோலம்?" என்றாள். குடுக்கை உடைந்த நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அப்புறம் சொல்கிறேன் மதினி. முதுகில் ஏறிக்கொள்ளுங்கள். இது எழுந்திருப்பதற்குள் போக வேண்டும்."

பாறையிலிருந்து காட்டைவிட ஏரிதான் பக்கம், வெயிலும் தாழத் தொடங்கியிருந்தது. குடுக்கையில் மிஞ்சிய தண்ணீரைத் தொடரி தன் ரோமத்தில் தெளித்துக்கொண்டே வந்தாள். தொடரியின் ரோமம் முதுகில் கம்பளியாய்க் கனன்றது. முன்னால் காற்று மட்டும் விடாமல் வீசிக்கொடுத்தது. பேசினால் மூச்சு போய்விடும் என்று நொச்சி பேசவில்லை. தொடரிதான் பேசினாள். கால் பிசகிய கதையைச் சொன்னாள். தண்ணீர் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் கொண்டுவரக் கிளம்பியதாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஏரியில் முகம் வைத்து இருவரும் குடித்தார்கள். அப்போது நீர்மேல் தவழ்ந்து வந்த குளிர்ந்த காற்று நொச்சியின் வெறுந்தோலில் பட்டது. அவள் வெடவெடத்தாள். கைகளில், தோளில், முதுகில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் எழும்பின. தொடரி அவள் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, இதென்ன என்று கேட்டாள்.

"தோல் ரோமத்தைத் தேடுகிறது போல" என்றாள் நொச்சி. "எழுந்து நிறுத்தப் பார்க்கிறது. நிறுத்த ஒன்றும் இல்லை."

தொடரி அவளை இழுத்துத் தன் ரோமத்துக்குள் பொதித்துக்கொண்டாள்.

மறுநாள் பகலில் நொச்சி நிறைகுடுக்கையோடு காட்டுக்குத் திரும்பிப் போனாள். போனவள் திரும்பி வந்ததைக் கண்டதும் மனிதர்கள் எல்லோரும் கல்லை உடைத்தார்கள். ஒருவர் முதுகை ஒருவர் வழித்துவிட்டார்கள். ஆண்களில் சிலருக்கு முகத்தை வழிக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். பகலில் பொட்டலைக் கடந்து ஏரிக்கரையில் குடியேறினார்கள். கரடி மட்டும் வரவில்லை. அடுத்த மழை வரும்வரை குகையிலேயே கிடந்து, கசிவை நக்கிப் பிழைத்துக்கொண்டது. அது எடுத்த முடிவிலும் தவறு சொல்ல முடியாது.

ரோமம் பிறகு முளைக்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் வெறுந்தோலோடுதான் பிறந்தார்கள். முள் கீறியது, கொசு கடித்தது, பனி வாட்டியது. கரடி அண்ணன் சொன்னது சரிதான் என்று நொச்சி பல முறை முணுமுணுத்திருக்கிறாள். முணுமுணுத்துக்கொண்டே இலை தைக்கப் பழகினாள், நெருப்பைக் காக்கப் பழகினாள், மற்றவர்களை ஒட்டிப் படுக்கப் பழகினாள். தொடரியும் அவளும் அதற்குப் பிறகும் சண்டை போட்டார்கள். பேசாமல் மட்டும் இருந்ததில்லை.

அந்தப் பகலிலிருந்துதான் மனிதனுக்கு வெயிலில் வியர்க்கிறது. மற்ற பிராணிகள் நிழலில் படுத்துவிட்ட நேரத்திலும் அவன் நடந்துகொண்டிருக்கிறான். அன்றிலிருந்துதான் குளிர் பட்டால் அவன் தோல், இல்லாத ரோமத்தைத் தேடிப் புள்ளி புள்ளியாய் எழும்புகிறது. குளிருக்கு மட்டுமில்லை, தனக்கு எதுவும் ஆகாத ஒருத்திக்காக யாரோ ஒருத்தி வெயிலில் இறங்கிப் போனாள் என்று எங்காவது கேள்விப்பட்டாலும், இன்றைக்கும் நமக்குப் புல்லரிப்பது அதனால்தான்.