பாட்டுக்கு ஒரு பேட்டரி

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டோரம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. நடத்துபவள் கோகிலவாணி. கடையும் தொழிலும் கணவன் கொடுத்தது. அவன் மாரடைப்பில் போனபிறகு அவள் தனியாக நடத்துகிறாள்.

அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த அர்த்தநாரி அவளைவிட மிக மூத்தவர். விசைத்தறி ஓட்டியவர், தறியை எடைக்குப் போட்டுவிட்டு வந்தவர். ஐம்பது வயதில் சீடனாக உட்காருவது கொஞ்சம் வெட்கமான காரியம்தான். அவர் வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் கொண்டுவந்தார்.

கணவனின் கருமாதி முடிந்த மறுநாளே ஷட்டரைத் தூக்கியவள் கோகிலா. கல்நெஞ்சக்காரி என்று ஊர் பேசியது. மத்தியானம் சாப்பிட்டதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த நேரத்தில் யார் வந்து கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டாள். நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று அதையும் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அர்த்தநாரி ஒருநாள் நேராகவே கேட்டார்.

"அம்மிணி, அத்தனை துக்கத்த வெச்சுக்கிட்டு, மறுநாளே எப்படிங்க கடையத் தொறந்தீங்க?"

"அந்த ஹெட்லைட் ஃபியூஸக் கழட்டுங்ண்ணா" என்றாள்.

ஐப்பசியில், வானம் மூடிக்கொண்டு கிடந்த ஒரு காலையில் நாச்சிமுத்து வந்தார். தோட்டத்து வீட்டுக்காரர், அறுபதைத் தாண்டியவர். அவர் ஓட்டிவந்த வெள்ளைக் காரின் டிக்கி முழுக்க ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயருமாக இருந்தது. அந்த வயதுக்காரர் வைக்கிற சாமான் இல்லை அது.

"என்ற பையன் வெச்சதுங்க. ஆடி மாசம் பைக்குல போயிட்டான்" என்றார்.

கோகிலா டிக்கியை மூடவில்லை. அவர் பேசட்டும் என்று நின்றாள்.

"இருந்தப்ப, சத்தத்தைக் கொறடா கொறடான்னு கத்துவனுங்க. இப்ப ஏரிக்கரையில அவனைப் பொதச்ச எடத்துக்கிட்ட வண்டிய நிறுத்திட்டு அவன் பாட்டையே போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறேன். இஞ்சின் ஓடுனா அந்தச் சத்தத்துல மனசு ஒட்டறதில்லைங்க, அணைச்சுப்போடறேன். பேட்டரி எறங்கிப்போகுது. பொறவு வண்டி கெளம்பறதில்லை. யாராச்சும் வந்து தள்ளோணும்."

"வீட்டுல யாருங்க?"

"சம்சாரந்தாங்க. பையன் போனதுல இருந்து ஒரு பக்கம் கை காலு வெளங்கல. படுத்தபடி. நான் போய்த்தான் எந்திரிக்க வெக்கோணும். போனை அவகிட்டத்தான் வெச்சுட்டு வருவேன்."

பாட்டுக்கென்று தனியாக இன்னொரு பேட்டரி போடலாம் என்றாள் கோகிலா. அன்று அவள் ஈரோட்டுக்குச் சாமான் எடுக்கப் போக வேண்டியிருந்தது. புறப்படும் முன் ஒரு சின்ன ரிலேயை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இது இல்லாம வண்டிய வெளிய விடாதீங்ண்ணா."

"எதுக்குங்க?"

"இஞ்சின் ஓடறப்பச் சேக்கும். அணைச்சாப் பிரிச்சுரும்."

"எதுக்குப் பிரிக்கோணும்னு கேட்டனுங்க."

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

அர்த்தநாரி டிக்கியில் பேட்டரிக்கு இடம் பார்த்து இறுக்கிக் கட்டினார். முன்பக்கத்திலிருந்து தடித்த ஒயரை இழுத்துவந்தார். ஃபியூஸ் போட்டார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ரிலேயைக் கையில் எடுத்தபோது நாச்சிமுத்து கேட்டார்.

"இது எதுக்குங்க தம்பி?"

"வண்டி நின்னுட்டா, பாட்டு பின்னாடி பேட்டரியில மட்டும் ஓடும். அது தீந்தா நின்னுக்கும்."

"முன்னாடி பேட்டரியில கரண்டு இருந்தாக்கூடவா?"

"இருந்தாக்கூடங்க."

நாச்சிமுத்து அந்தச் சின்னப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார், "பாட்டு பாதியில நிக்கறதை என்னால தாங்க முடியல தம்பி. என்ற பையனும் அப்படித்தான் நின்னான். ரெண்டையும் சேத்தியே விட்டுருங்க. எச்சா நேரம் ஓடட்டும்."

கேட்டவர் அழவில்லை. அழுதிருந்தால்கூட அர்த்தநாரி சமாளித்திருப்பார். அவர் ரிலேயை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு பேட்டரியையும் நேராகச் சேர்த்துவிட்டார்.

சாயங்காலம் கோகிலா வந்ததும் மேசையைத்தான் பார்த்தாள்.

"மறந்துட்டீங்களாண்ணா?"

"இல்லீங்க. பாவமா இருந்துச்சு."

அவள் உடனே நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தாள். வண்டியை நாளைக்கே கொண்டுவரச் சொன்னாள். சரி என்றார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாள் அவள் மறுபடி கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை.

அதற்கும் மறுநாள் காலையில் நாச்சிமுத்து பஸ்ஸில் வந்து இறங்கினார். வேட்டி முழங்கால்வரை சேறாக இருந்தது.

நல்ல நேரம் ஓடியது பாட்டு என்றார். ஓடி ஓடி இரண்டு பேட்டரியும் ஒன்றாகத் தீர்ந்திருக்கின்றன. சாவியைத் திருப்பினால் விளக்குகூட எரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஆள் இல்லை. நடந்தே தோட்டத்துக்குப் போயிருக்கிறார். தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டிய அவர் மனைவி கட்டிலிலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து, தரையிலேயே கிடந்திருக்கிறாள். போன் கட்டிலின் மேலேயே இருந்திருக்கிறது.

"போன் அடிச்சுதாம். எட்டலையாம். ஆஸ்பத்திரியில சேத்தியிருக்கறேன். என்ற தங்கச்சி பக்கத்துல இருக்கறா" என்றார். அர்த்தநாரியைப் பார்த்து, "உங்க மேல தப்பில்லீங்க தம்பி. நாந்தானே கேட்டேன்" என்றார்.

திட்டியிருந்தால் அர்த்தநாரிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

கோகிலா ஒரு நல்ல பேட்டரியை எடுத்து மொபெட்டில் வைத்தாள். ரிலேயை எடுத்து அர்த்தநாரியின் சட்டைப் பையில் போட்டாள். நாச்சிமுத்துவை ஆட்டோவில் வரச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

கார் ஏரிக்கரையில் கருவேல மரங்களுக்குப் பக்கத்தில் நின்றது. கொஞ்சம் தள்ளி, பையனைப் புதைத்த மண்மேடு தெரிந்தது. மழையில் ஒரு பக்கம் கரைந்திருந்தது.

முன்பக்கம் தீர்ந்த பேட்டரியைக் கழற்றிவிட்டு நல்லதை வைத்தாள். "இப்பப் போடுங்ண்ணா" என்றாள். அர்த்தநாரி ரிலேயைப் பொருத்தினார். ஸ்பானர் இருமுறை நழுவியது. அவள் வாங்கிச் செய்யவில்லை, காத்திருந்தாள்.

நாச்சிமுத்து ஆட்டோவில் வந்து இறங்கியதும் சாவியை வாங்கி என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். டிக்கியில் இருந்த பேட்டரிக்குச் சிறிது ஏறியிருக்கும் என்று தோன்றியதும் அணைத்தாள்.

"ஐயா, ஏறி உக்காந்து பாட்டைப் போடுங்க."

நாச்சிமுத்து தயங்கினார். "இப்பவாங்க?"

"இப்பத்தாங்க."

அவர் உட்கார்ந்து போட்டார். சின்ன வயசுப் பிள்ளைகள் கேட்கிற பாட்டு. கதவெல்லாம் அதிர்ந்தது. கோகிலா பின் இருக்கையில் உட்கார்ந்தாள். அர்த்தநாரி வெளியே தூறலில் நின்றார். ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று ஆரம்பித்தது. பாடுகிறவன் ஒரு வார்த்தையைத் தொடங்கி முடிப்பதற்குள் பாட்டு நின்றது.

நாச்சிமுத்துவின் கை பொத்தானுக்குப் போனது. அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார். பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். மகன் போனதிலிருந்து அவர் அப்படி அழுததில்லை என்பது அந்த அழுகையைக் கேட்டாலே தெரிந்தது. கோகிலா தேற்றவில்லை. அதுவாக ஓயும்வரை இருந்தாள்.

"சாவியத் திருப்புங்க."

என்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் முன்பக்கமிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது.

"என்னங்க அது?"

"ரெண்டும் சேந்துக்கிச்சுங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போறப்பவே பாட்டுக்கும் ஏறிக்கும்."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் இப்படித்தான் பாதியில நிக்குங்களா அம்மிணி?"

"நிக்குங்க."

"தாங்குவனா?"

"பின்னாடி இருக்கறது பையனுக்குங்க. எத்தனை வேணும்னாலும் தீத்துக்குங்க. முன்னாடி இருக்கறது அம்மாளுக்கு. அதுல மட்டும் கை வெக்காதீங்க."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு டவுன் பக்கம் போனார்.

கடைக்கு வந்து சேரும்போது மத்தியானமாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் கோகிலா வழக்கம்போல ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு லாரி டிரைவர் வந்து நின்றான். செல்ஃப் எடுக்கவில்லை, உடனே பார்க்க வேண்டும் என்றான். குனிந்து ஷட்டருக்குக் கீழே எட்டிப் பார்க்கப் போனவனை அர்த்தநாரி தோளைத் தொட்டு நிறுத்தினார். ஸ்டூலை இழுத்து ஷட்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா தூங்குதுங்களா?"

"இல்லீங்க. சித்தெ இருங்க, வந்துருவாங்க."

"பொறவு உள்ள என்னதான் பண்ணுது?"

"வீட்டுக்காரருக்குன்னு வெச்சிருக்கற பேட்டரியத் தீத்துக்கறாங்க" என்றார் அர்த்தநாரி.