சிவப்பே வராத கருவி

சோழிங்கநல்லூர்க் கம்பெனி ஒன்றில் ஜெசிந்தா ஒப்பந்த டெஸ்டர். அவள் குழு எட்டு மாதமாக ஒரு கருவி செய்தது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால், எங்கோ தூரத்துச் சர்வரில், அதாவது கிளவுடில், கன்டெய்னர் என்கிற மென்பொருள் பொதி ஒன்று ஓடத் தொடங்கும். ஓடினால் பச்சை எழுத்து வரும், ஓடாவிட்டால் சிவப்பு. அந்த எழுத்து ஒருநாளும் பொய் சொல்லாதபடி பார்த்துக்கொண்டவள் ஜெசிந்தாதான்.

வாடிக்கையாளர் வருவதற்கு முதல் நாள் டைரக்டர் ரங்கபாஷ்யம் வந்து நின்றார். "நாளைக்கு என்ன அடிச்சாலும் பச்சைதான் வரணும். சிவப்பு வந்துச்சு, திங்கட்கிழமை நீ வர வேண்டாம்."

"என்ன அடிச்சாலுமா சார்?"

"தமிழ்லதானே சொன்னேன்?"

நிஜக் கருவியைத் தொடாமல், காட்டுவதற்கென்று ஒரு நகல் எடுத்து அதில் சொன்னபடியே செய்து வைத்தாள்.

மறுநாள் கட்டளைக்குக் கட்டளை பச்சை. ரங்கபாஷ்யம் பூரித்துப்போய், "எதை வேணா அடிச்சுப் பாருங்க மேடம்" என்றார். வாடிக்கையாளர் அம்மாள் கன்டெய்னர் பெயருக்குப் பதில் 'இட்லி' என்று அடித்தார். இட்லி ஓடுகிறது என்றது பச்சை எழுத்து. நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி அடித்தார். அப்போதும் இட்லி ஓடியது.

ரங்கபாஷ்யம் திரும்பி முறைத்தார். "நீங்க சொன்னதுதான் சார், என்ன அடிச்சாலும் பச்சை" என்றாள் ஜெசிந்தா பணிவாக. அறையே சிரித்தது.

சிரித்தவர்கள் அப்படியே எழுந்து போய்விட்டார்கள். நிஜக் கருவியைக் காட்டுகிறேன் என்று அவள் பின்னாலேயே ஓடிச் சொன்னதை யாரும் நின்று கேட்கவில்லை. ரங்கபாஷ்யத்துக்கு வேறு பிரிவு கிடைத்தது. கருவியை அதன் சர்வரோடு மூடிவிட்டார்கள்; ஜெசிந்தாவின் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது.

வேலையில் கடைசி நாள் ஜெசிந்தா அந்த நிஜக் கருவியைத் திறந்து ஒரு கட்டளை அடித்தாள். 'சர்வர் இல்லை' என்று சிவப்பாக வந்தது. அது பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் இன்னொரு தரம் அடித்துப் பார்த்தாள்.