ஐந்தாம் நாள் வந்த அழைப்பு

“இன்னும் என்னதாங்க குறை?” என்று கேட்டார் செங்கோடன்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளுக்கென்று ஒரு மென்பொருள் செய்திருந்தார். தீவனம், தடுப்பூசி, முட்டை, விளக்கு எரியும் நேரம், கோழிச் சாவு என்று அதில் பதினாலு பக்கங்கள். மூன்று வருட உழைப்பு.

இருபத்துமூன்று பண்ணைகள் அதை எடுத்திருந்தன. யாரும் பாராட்டவில்லை. யாரும் திட்டவும் இல்லை. ஏழு மாதமாகப் புதிதாக ஒரு பண்ணைகூட வரவில்லை.

அவர் கேட்டது ரெஹானாவிடம். ராசிபுரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துபவர். செங்கோடனைவிட எட்டு வயது சின்னவர். கல்லூரிக்கு வருமுன் சென்னையில் சொந்தமாக ஒரு மென்பொருள் கம்பெனி நடத்தி, மூடிவிட்டு வந்தவர். அந்தப் பக்கம் தொழில் தொடங்கிய பலரும் சந்தேகம் என்றால் அவரைத் தேடித்தான் போவார்கள். பெரும்பாலும் அவர் பதில் சொல்லமாட்டார். எதையாவது செய்யச் சொல்லுவார்.

பதினைந்தாவதாக ஒரு பக்கம் சேர்க்கலாமா என்பது செங்கோடனின் எண்ணம். முட்டை விலையை முன்கூட்டிக் கணித்துச் சொல்லும் பக்கம். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

ரெஹானா கேட்டு முடித்தார்.

“இப்ப இருக்கறது யாருக்குத் தேவைப்படுது?”

தினமும் பலர் திறந்து பார்ப்பது தெரிகிறது என்றார் செங்கோடன்.

“திறக்கறது தெரியுது. தேவைப்படுதா?”

செங்கோடன் திறந்தவர்களின் எண்ணிக்கையைப் போனில் காட்டினார்.

“திங்கட்கிழமை காலைல நிறுத்திடுங்க” என்றார் ரெஹானா. “யாருக்கும் சொல்ல வேண்டாம். யார் கூப்பிடறாங்களோ, அவங்க பேரை எழுதி வைங்க.”

செங்கோடன் கோபத்தோடுதான் வீடு போனார். ஆனால் திங்கட்கிழமை காலை நிறுத்திவிட்டார்.

அலுவலகத்தில் ஆறு பேர். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

யாரும் கூப்பிடவில்லை.

செவ்வாயன்றும் இல்லை. போன் வேலை செய்கிறதா என்று பார்க்க, செங்கோடன் தன் மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்தது.

புதன்கிழமை ஒரு வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்டார்கள்.

வியாழக்கிழமை ஒரு பண்ணைக்காரர் கூப்பிட்டார். முதன்முதலில் மென்பொருளை எடுத்தவர் அவர்தான். செங்கோடன் எழுந்து நின்றுகொண்டு பேசினார். பேத்திக்குக் காது குத்து, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்றார் அவர். மண்டபத்துக்கு வழி சொன்னார். பிறகு வைத்துவிட்டார்.

அன்று மாலை ஆறு பேரையும் உட்காரவைத்து, வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி சொன்னார் செங்கோடன். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் பூங்காவனம், புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு பண்ணையில் மேற்பார்வை வேலை என்றாள். திங்கட்கிழமையிலிருந்து பக்கம் வரவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றாள். குரலில் கோபம் இல்லை.

“மூணாவது ஷெட்டுல நிறைய செத்துப்போச்சுங்க. எப்பங்க வரும்?”

செங்கோடன் அந்த நிமிடமே எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டார். பிறகு ராசிபுரம் போய் ரெஹானாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போனார்.

ஷெட்டுகளுக்குப் பின்னால் குழி வெட்டியிருந்தார்கள். சாக்கு சாக்காகக் கோழிகளைக் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் என்றார்கள். இரண்டு நாள் முன்னால் டாக்டர் வந்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்குமாம்.

பூங்காவனம் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். தாங்கள் யார் என்று சொன்னதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

மொத்தம் ஒன்பது ஷெட். தினமும் காலையில் ஒவ்வொரு ஷெட்டிலும் எத்தனை கோழி செத்தது என்று அவள் பதிவு செய்வாள். வழக்கத்தைவிடக் கூடினால் அந்த ஷெட்டின் பெயர் சிவப்பாக மாறும். மாறினால் டாக்டரைக் கூப்பிடுவாள். மற்ற பதிமூன்று பக்கங்களில் அவளுக்கு வேலையில்லை. ஆனால் அந்த ஒரு பக்கத்தை ஒரு வருடமாக ஒரு நாளும் விட்டதில்லை.

“ஒவ்வொரு ஷெட்டும் ஒவ்வொரு கணக்குங்க, மனசுல நிக்காது. இன்னிக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு சீட்டுல எழுதி வெச்சுக்கிட்டு இருந்தேன்.”

திங்கட்கிழமையே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார் செங்கோடன்.

அவள் அவரைப் பார்த்தாள்.

“எங்கங்க கூப்பிடறது? பதினாலு பக்கமும் தேடினேன். உங்க நம்பர் எங்கயுமே இல்லீங்களே.”

பண்ணை ஆபீஸ் மேசை டிராயரில் அவருடைய பழைய கார்டு ஒன்று கிடந்ததாம். நேற்றுச் சாயங்காலம்தான் அது கண்ணில் பட்டதாம்.

செங்கோடன் பண்ணை முதலாளியிடம் போனார். தவறு அந்தப் பெண்ணுடையதல்ல, தன்னுடையது, மென்பொருளைத் தான்தான் நிறுத்தியது என்று சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

“எந்த மென்பொருளுங்க?”

டாக்டரைத் தாமதமாகக் கூப்பிட்டதற்காகப் பூங்காவனத்தை மேற்பார்வையிலிருந்து அன்று காலையே எடுத்துவிட்டார்கள். அது முடிந்துபோன பேச்சு என்றார் முதலாளி. குழியைப் பார்க்கப் போய்விட்டார்.

செங்கோடன் திரும்பி வந்து, பக்கம் இப்போது வேலை செய்கிறது என்று பூங்காவனத்திடம் சொன்னார்.

“சரிங்க” என்றாள் அவள். “இனிமே எழுதற வேலை எனக்கு இல்லீங்க.”

அட்டைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இருவரும் காரில் திரும்பினார்கள். வெயில் தணிந்து, எதிரே முட்டை லாரிகள் வரத் தொடங்கியிருந்தன.

“நீங்க சொல்லித்தான் நிறுத்தினேன், மேடம்” என்றார் செங்கோடன். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை அது.

“ஆமா.”

ரெஹானாவே தொடர்ந்தார்.

“நானும் அப்படித்தான் செஞ்சேன். ஒரு திங்கட்கிழமை நிறுத்தினேன். ஒரு வாரம் காத்திருந்தேன். ஒருத்தர்கூடக் கூப்பிடலை. யாருக்கும் தேவையில்லைன்னு கம்பெனியை மூடிட்டேன்.”

செங்கோடன் காரை ஓரமாக நிறுத்தினார்.

“அதுல உங்க நம்பர் இருந்துச்சுங்களா?”

ரெஹானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

“இந்தக் கேள்வி” என்றார், “இன்னிக்குக் காலை வரைக்கும் எனக்கு வரவே இல்லைங்க.”